வில்கமுவையில் ஒரு துருத்தி

மாத்தளைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் முத்துமாரியம்மன் சந்நிதியில் வழிபட்டு, அளுவிகாரைக் குகைகளைக் கண்டு, வாசனைத் திரவியத் தோட்டங்களில் ஏலமும் கறுவாவும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். மாவட்டம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலி நதியின் இடக்கரையை ஒட்டி, வில்கமுவ என்னும் விவசாயப் பிரதேசம் ஒன்று பரந்து கிடக்கின்றது. அங்கே எமது பழைய நண்பர் ஒருவர் வாழ்கின்றார். கண்டியில் எம்முடன் ஒரே கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஓய்வு பெற்றபின் தமது ஊருக்கே திரும்பிவிட்டார். "வாருங்கள், வாருங்கள்" என்று பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். சென்ற ஆவணி விடுமுறையில்தான் அந்த அழைப்பை நிறைவேற்றும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

மலையைக் கடந்து

வில்கமுவைக்குச் செல்ல வழிகள் சில உண்டு. கண்டியிலிருந்து பதினெட்டு வளைவுப் பாதையால் இறங்கி ஹசலக்க வழியாகவும் செல்லலாம். நாம் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர, பல்லேகம ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் மலைப்பாதையையே தேர்ந்துகொண்டோம். இயற்கையழகை நாடும் மாணவர்களுக்கு இதுவே ஏற்ற வழி.

ரத்தோட்டையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகின்றது. தேயிலை மறைந்து காடு தொடங்குகின்றது. ரிவஸ்டன் கணவாயை அடைந்தபோது மூடுபனி பஸ் வண்டியின் ஜன்னல் வழியே உள்ளே புகுந்தது. காற்றின் வேகத்திற்கு அஞ்சி மரங்களெல்லாம் குறுகி நிற்கின்றன. அங்கிருந்து பிட்டவல பத்தனைப் புல்வெளியைக் கடந்து கீழே இறங்க இறங்கக் குளிர் விலகி வெயில் சுடத் தொடங்கிற்று. மலையின் மேற்குப் பக்கம் ஈர வலயம். கிழக்குப் பக்கம் உலர் வலயத்தின் வாசல். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படிக்கும் பாடத்தை இரண்டு மணி நேரப் பயணத்தில் உடம்பே உணர்ந்துகொள்கின்றது. இம்மலைத்தொடர் உள்ளிட்ட இலங்கையின் மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பல்லேகமவை நெருங்கியதும் மலைகளின் மடியில் விரிந்த நீர்ப்பரப்பொன்று கண்ணுக்குப் புலப்பட்டது. களு கங்கை நீர்த்தேக்கம் அது. 2018-இல் நீர் தேக்கப்பட்டபோது பழைய லக்கலை நகரும் அதனைச் சூழ்ந்த வயல்களும் வீடுகளும் நீருள் மறைந்தன. மக்களுக்குப் புதிய லக்கலை நகரம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. இந்த நீர் மொறகஹகந்தை நீர்த்தேக்கத்துடன் இணைந்து உலர் வலயத்து வயல்களுக்குப் பயன்படுகின்றது. நன்மை பெரிது, கொடுத்த விலையும் சிறிதன்று. அவ்விலையைக் கொடுத்தோருள் ஒருவரை அன்று மாலையே சந்திக்கப் போகின்றோம் என்பதை நாம் அப்போது அறியவில்லை.

யானையும் தோடை மரமும்

ஹெட்டிப்பொலச் சந்தியே இப்பிரதேசத்தின் கடைவீதி. குருநாகல் மாவட்டத்திலும் இதே பெயருடைய ஊர் ஒன்று இருப்பதால், புறப்படுவோர் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கவனித்து ஏறுதல் நன்று. சந்தியைக் கடந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்கள். மினிப்பே அணையிலிருந்து வரும் இடக்கரைக் கால்வாய் இவ்வயல்களுக்கு உயிர்நாடி. பண்டைய மன்னர்கள் வெட்டி, காலத்தால் தூர்ந்து, சென்ற நூற்றாண்டிலே மீண்டும் திருத்தப்பட்ட கால்வாய் அது.

வடக்கே வஸ்கமுவ தேசிய வனம். 1938-இல் காப்புக் காடாக ஒதுக்கப்பட்டு, மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகும் பொருட்டு 1984-இல் தேசிய வனமாயிற்று. கரடியைக் குறிக்கும் 'வலஸ்' என்ற சிங்களச் சொல்லே ஊர்ப்பெயரில் மருவி நிற்பதாகச் சொல்வர். வனத்தினுள்ளே யுதகனாப் பிட்டிய என்று ஓர் இடம் உண்டு. எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் போர் நிகழ்ந்த களம் அதுவே என்பது உள்ளூர் மரபு. மகாசேனன், பராக்கிரமபாகு ஆகிய மன்னர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் குளங்களும் கால்வாய்களும் அக்காட்டினுள் சிதைந்து கிடக்கின்றன.

காட்டுக்கும் வயலுக்கும் இடையே வேலி இருந்தாலும் யானைகள் அதனை எப்போதும் மதிப்பதில்லை. ஆகவே பொழுது சாய்ந்ததும் வில்கமுவ மக்கள் வீட்டுக்குள் அடங்கிவிடுகின்றனர். யானை தோடம்பழத்தை விரும்பாது என்பதைக் கண்டு, வீட்டைச் சுற்றித் தோடை மரங்களை வேலிபோல் நடும் முயற்சியொன்றை இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் இங்கே நடத்தி வருகின்றது. நண்பரின் முற்றத்திலும் தோடை மரங்கள் வரிசையாக நின்றன.

கறை படிந்த பன்னிரண்டு படங்கள்

நண்பரின் தாயாருக்கு வயது 84. எழுந்து வந்து எம்மை வரவேற்றார். "ஆச்சி" என்று நாம் அழைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. தமிழிலும் சிங்களத்திலும் பாட்டியைக் குறிக்கும் சொல் அது ஒன்றுதானே! ஆச்சி பிறந்து வளர்ந்த வீடு, இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கின்றது.

இராப்போசனத்தின் பின் நண்பர் ஒரு தோற்பையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு பழைய ஜெர்மன் மடிப்புக் கமரா. அவருடைய தந்தையார் இளமையில் வாங்கியது. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, லென்ஸ் கறுப்புத் துருத்தியுடன் வெளியே வந்து நிற்கும். கொல்லன் உலைத் துருத்தி போலவே மடிப்பு மடிப்பாக இருப்பதால் அப்பெயரே அதற்குப் பொருந்தும். 120 என்னும் அளவுப் பிலிம் சுருளில் 12 சதுரப் படங்களை இக்கமரா எடுக்கும். 1901-இல் அறிமுகமான அவ்வளவுப் பிலிமை இங்கிலாந்தின் இல்போர்ட், அமெரிக்காவின் கொடாக் ஆகிய நிறுவனங்கள் இன்றும் செய்து வருகின்றன.

"சேர், 2017-இல் ஊரைவிட்டு எல்லாரும் போகும் வேளையில் அம்மாவின் வீட்டை இதில்தான் படம் எடுத்தேன். இதைப் பாருங்கள்" என்று நண்பர் ஓர் உறையை நீட்டினார்.

பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே மூலையில் வெண்புகை படர்ந்தாற்போல ஒரு கறை. வீட்டின் முகப்புத் தெரிந்தது. பக்கத்துக் கிணறும் அதன்மேல் கவிந்த பலாமரமும் அக்கறையில் மறைந்துவிட்டன. படத்தை மறுபடி எடுக்கலாமென்றால், எடுப்பதற்கு அங்கே வீடு இல்லை.

"பிறகு ஒரு கடையிலே கொடுத்துப் பார்த்தேன். இதற்கு உதிரிப்பாகம் இனிக் கிடைக்காது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அன்றைக்கு அலுமாரியில் வைத்தது. நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர். ஒருமுறை பாருங்கள் சேர்."

துளையின் கணக்கு

கமரா பழுதாவதில் பல வகை உண்டு. எந்த இடத்தில் ஒளி கசிகின்றது என்பதைப் பிலிமே சொல்லிவிடும். புகைமூட்டம் படத்தின் சட்டத்தைத் தாண்டி, பிலிமின் ஓரம்வரை ஓடியிருந்தால் குற்றம் பின்கதவிலோ, எண் பார்க்கும் செந்நிறச் சாளரத்திலோ இருக்கும். சட்டத்துக்குள் மட்டும் நின்று, படத்துக்குப் படம் ஒரே மூலையில் தோன்றினால் துருத்தியையே சந்தேகிக்க வேண்டும். நண்பர் பத்திரப்படுத்தியிருந்த நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தோம். ஓரங்கள் தெளிவாக இருந்தன. கறை சட்டத்துக்குள்ளேயே நின்றது.

ஊசித்துளை ஒன்று இத்தனை கேடு செய்யுமா என்று நண்பர் வியந்தார். கணித ஆசிரியராகிய அவருக்கே கணக்கைச் சொன்னோம். நல்ல வெயிலில் ஷட்டர் திறந்திருப்பது ஒரு செக்கனில் நூறிலொரு பங்கு. துருத்தியோ, நாம் கமராவை விரித்து, தூரம் பார்த்து, ஆளை நிறுத்தி, மீண்டும் மடிக்கும்வரை ஒரு நிமிடமேனும் வெளிச்சத்தில் நிற்கின்றது. லென்ஸ் வழியே ஒளி செல்லும் நேரத்தைப் போல் 6000 மடங்கு நேரம் துளை வழியே ஒளி கசிகின்றது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் வேறில்லை.

சோதனைக்கு வேண்டியது இருட்டு ஒன்றே. வில்கமுவையில் அதற்குப் பஞ்சமில்லை. விளக்குகளை அணைத்து, கமராவின் பின்கதவைத் திறந்து, சிறிய டோர்ச் விளக்கைத் துருத்தியினுள் வைத்து, வெளியிலிருந்து மெல்லச் சுற்றிப் பார்த்தோம். மூன்று நட்சத்திரங்கள் மின்னின! மூன்றும் மடிப்புகள் சந்திக்கும் மூலைகளில். காகிதத்தை ஒரே இடத்தில் பலமுறை மடித்தால் முதலில் முனையே கிழியும். துருத்திக்கும் அதுவே நியதி. ஆச்சியும் வந்து குனிந்து பார்த்து, "இவ்வளவு சின்னத் துளையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

குடைத்துணியும் விளக்குக்கரியும்

ஹெட்டிப்பொலையில் கமராக் கடை இல்லை. ஆனால் சைக்கிள் திருத்தும் கடை உண்டு. மறுநாட் காலை அங்கிருந்து டியூப்புக்கு ஒட்டுப்போடும் ரப்பர் சொலூஷன் ஒரு குழாய் வாங்கினோம். வீட்டில் கிழிந்த கறுப்புக் குடை ஒன்று இருந்தது. தேங்காய் எண்ணெய் விளக்கின் சுடர்மேல் பீங்கான் தட்டைப் பிடித்து ஆச்சியே கரி சேர்த்துத் தந்தார். விளக்கை அணைத்து அப்பால் வைத்த பின்னரே சொலூஷனைத் திறந்தோம். அது எளிதில் தீப்பற்றும் பொருள். வீட்டில் இவ்வேலையைச் செய்யும் மாணவர்கள் இதனை மறத்தல் கூடாது.

செய்முறை எளியது; பொறுமையே வேண்டும். முதலில் லென்ஸையும் ஷட்டரையும் காகிதத்தால் மூடிக் கட்டினோம். துருத்தியை முழுவதும் விரித்து, ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உலரவிட்டோம். விரல்நகத்திலும் சிறிய துண்டுகளாகக் குடைத்துணியை வெட்டி, துண்டிலும் துருத்தியிலும் சொலூஷனை மெல்லியதாகத் தடவி, சற்றே உலர்ந்து பிசுபிசுக்கும் தறுவாயில் ஒட்டி அழுத்தினோம். பின்னர் கரியைச் சிறிது சொலூஷனில் குழைத்து ஒட்டின்மேலும் மற்ற மூலைகள்மேலும் மெல்லப் பூசினோம். கரி நீரில் எளிதாகக் கலவாது. ரப்பர்க் கரைசலிலோ இனிதே கலந்துவிடும்.

தடித்த துணியோ, நாடாவோ ஒட்டினால் துருத்தி மடியாது, முன்கதவு மூடாது. இறுகிக் காயும் வார்னிஷ் பூசினால் அடுத்த மடிப்பிலேயே வெடித்துவிடும். ஒட்டு, துருத்தியைப் போலவே வளைந்து கொடுக்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் விரித்தபடியே வைத்திருந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி முகப்பவுடரைச் சிறிது தூவித் துடைத்தோம். அன்றிரவு மறுபடி இருட்டில் சோதித்தபோது ஒரு நட்சத்திரமும் தோன்றவில்லை.

நண்டு வளை

ஒட்டு உலர்ந்துகொண்டிருந்த மாலையில் நண்பர் எம்மைத் தமது ஊர்க் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். கட்டின் வெளிப்புற அடிவாரத்தைப் பார்த்தபடியே நடந்தார். எங்கேனும் புல் மிகப் பசுமையாக இருக்கிறதா, மண் கசிந்து ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவ்வூரார் வழக்கமாம். நண்டு துளைத்த வளையோ, கறையான் குடைந்த வழியோ இருந்தால் நீர் முதலில் நூலாகக் கசியும். கவனியாது விட்டால் மண்ணை அரித்து ஒரு மழைக்காலத்தில் கட்டையே உடைத்துவிடும். கசிவு தெரிந்த அன்றே களிமண் இட்டு மிதித்துவிட்டால் ஒருவரின் அரைநாள் வேலையோடு தீர்ந்துபோம்.

"உங்கள் கமராவும் இந்தக் குளமும் ஒன்றுதான். இங்கே நீர் வெளியே போகக்கூடாது, அங்கே வெளிச்சம் உள்ளே வரக்கூடாது" என்றோம். நண்பர் சிரித்துவிட்டு, "குளத்தை எங்கள் தாத்தா பார்க்கப் பழக்கினார் சேர், கமராவைப் பார்க்க யாரும் பழக்கவில்லை" என்றார். நாம் பல நாள் சிந்தித்த வார்த்தை அது.

பழையகாலப் படக்காரருக்கு இந்தப் பழக்கம் இன்றியமையாததாக இருந்திருக்க வேண்டும். 1870, 71 ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் பழஞ்சின்னங்களை அரசாங்கத்துக்காகப் படம் பிடித்தார். அந்நாளில் பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனேயே கழுவியாக வேண்டும். ஆகவே இருட்டறைக்கு வேண்டிய யாவும் காட்டினுள்ளேயே உடனிருந்தாக வேண்டும். அத்தகைய இடத்தில் கருவி பழுதுபட்டால் கடையைத் தேடி ஓடுவதெங்கே? கையில் உள்ளதைக் கொண்டு திருத்துபவரே படம் எடுக்க முடியும். லோட்டன் 1872-இல் காலமானார். அவர் எடுத்த படங்கள், பின்னாளில் நிகழ்ந்த திருத்த வேலைகளுக்கு முன் அக்கட்டடங்கள் எவ்வாறு நின்றன என்பதற்கு இன்றும் சான்றாக உள்ளன.

நீரின் முன் ஆச்சி

மூன்றாம் நாட் காலை நண்பரின் மருமகன் வாகனம் கொண்டுவந்தார். ஆச்சியை ஏற்றிக்கொண்டு பல்லேகமப் பக்கம் சென்றோம். அவர் வெள்ளைச் சேலை உடுத்து, கையில் ஒரு கொத்து அரலிப் பூ வைத்திருந்தார். நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று, நெடுநேரம் பார்த்து, ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். "கிணறு அங்கே, பலா இந்தப் பக்கம்" என்றார். எமது கண்ணுக்கு நீரைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை. அவர் கண்ணோ அவ்விடத்தைவிட்டு அகலவில்லை.

நண்பர் கமராவை விரித்தார். அவர் கை சற்றே நடுங்கிற்று. பன்னிரண்டு படங்களையும் அங்கேயே எடுத்தார்: ஆச்சி நிற்பது, சுட்டிக்காட்டுவது, பூவை நீரில் இடுவது. ஒவ்வொரு படத்தின் பின்னும் துருத்தியை மடித்து மூடினார். திருத்திய பின்னும் அது நல்ல பழக்கம்தான்.

கைத்தொலைபேசியில் எடுத்திருந்தால் அக்கணமே பார்த்திருக்கலாம். மருமகனும் அவ்வாறு சில படங்கள் எடுத்தார். அவையும் தெளிவாகவே இருந்தன. எனினும் ஆச்சியின் மனம், தம் கணவர் வாங்கிய கமராவிலேயே இருந்தது. அதன் பிழையால் இழந்ததை அதுவே ஒருவாறு ஈடு செய்ய வேண்டுமென்று அவர் எண்ணினார் போலும். சுருளைக் கொழும்பில் பிலிம் கழுவும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு நாம் ஊர் திரும்பினோம்.

ஒரு மாதத்தின் பின் நண்பரின் கடிதம் வந்தது. பன்னிரண்டு படங்களிலும் கறை இல்லை. அவற்றில் ஒன்றை ஆச்சி தெரிந்தெடுத்து, 2017-ஆம் ஆண்டுப் படமொன்றின் பக்கத்தில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டச் சொன்னாராம். ஒன்றில் கிணற்றை வெளிச்சம் மறைத்திருக்கின்றது; மற்றதில் நீர் மறைத்திருக்கின்றது. வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் மாறி மாறிக் காட்டி, கிணறும் பலாவும் இருந்த இடத்தை அவர் விளக்குகின்றாராம்.

திறந்து பார்க்கக்கூடியதாகவும், கைக்கு எட்டிய பொருளால் ஒட்டக்கூடியதாகவும் அன்று செய்தமையாலேயே அக்கமரா இன்றும் வேலை செய்கின்றது. எமது வீடுகளில் அலுமாரிகளிலும் பரண்களிலும் இத்தகைய கருவிகள் எத்தனையோ உறங்குகின்றன. மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் அவற்றை எடுத்து, தூசி தட்டி, விளக்கை அணைத்து, துருத்தியினுள் ஒரு டோர்ச்சை வைத்துப் பார்ப்பார்களாக. துளை தென்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை, அடைக்கலாம். ஆனால் அதனைப் படம் எடுக்கப் போகுமுன் பார்த்துவிட வேண்டும். வில்கமுவ விவசாயி மழை தொடங்குமுன் குளக்கட்டைச் சுற்றி நடப்பதும் அதற்காகத்தான்.